யாரோமிர் யாகர்: 1921 புள்ளிகளும் ஒரு கிளாட்னோவும்

ஐஸ் ஹாக்கி ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்து யாரோமிர் யாகர் பெயரை எடுத்தால் போதும், ஒரு கணக்கு தொடங்கிவிடும். "அந்த மூணு வருஷம் ரஷ்யாவுக்குப் போகாம இருந்திருந்தா?" "2004-ல லீக் முழு சீசனையும் ரத்து பண்ணாம இருந்திருந்தா?" இப்படியே கூட்டிக்கொண்டே போய், கடைசியில் 'எவ்வளவு பெரிய ஆட்டக்காரர், எவ்வளவு வீணாக்கிட்டார்' என்று முடிப்பார்கள். செக் நாட்டில் பிறந்த ஆட்டக்காரர்களில் அமெரிக்க லீக்கில் இவர் அளவுக்குச் சாதித்தவர் வேறு யாரும் இல்லை. இருந்தும் இவரைப் பற்றிய பேச்சில் பாதி, செய்யாததைப் பற்றித்தான்.

இந்தக் கணக்கை ஒருமுறை ஒழுங்காகப் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். போட்டுப் பார்த்தபோது, தப்பு விடையில் இல்லை, கேள்வியில் இருக்கிறது என்று தோன்றியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், இந்த ஆட்டம் பரிச்சயம் இல்லாதவர்களுக்காக ஒரு பத்தி. ஐஸ் ஹாக்கியில் ஒரு அணிக்கு ஒரே நேரத்தில் ஐஸ் மேல் ஆறு பேர். ஒருவர் கோல்கீப்பர், இருவர் தடுப்பு, மூவர் தாக்குதல். தாக்கும் மூவரில் நடுவில் இருப்பவர் சென்டர், இரண்டு பக்கமும் விங்கர்கள். யாகர் வலது விங்கர். பந்துக்குப் பதில் கெட்டியான ரப்பர் வட்டு, அதன் பெயர் பக். கோல் அடித்தால் அடித்தவருக்கு ஒரு புள்ளி. அதற்கு முன் பக்கைக் கொடுத்து உதவிய அதிகபட்சம் இரண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு புள்ளி. இதற்கு அசிஸ்ட் என்று பெயர். அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து நடத்தும் என்எச்எல் லீக்கில் வழக்கமாக ஒரு சீசனுக்கு 82 ஆட்டம், பிறகு ப்ளே-ஆஃப். அதை ஜெயித்தால் ஸ்டான்லி கோப்பை. இவ்வளவு தெரிந்தால் மேலே போகலாம்.

அட்டவணை சொல்வது

என்எச்எல்லில் யாகர் ஆடியது 1733 ஆட்டங்கள். கோல் 766, அசிஸ்ட் 1155, மொத்தம் 1921 புள்ளிகள். அந்த லீக்கின் வரலாற்றில் இதைவிட அதிகம் எடுத்தவர் ஒரே ஒருவர்தான்: வெய்ன் கிரெட்ஸ்கி, 2857.

ஒரு சீசனில் அதிகப் புள்ளி எடுப்பவருக்கு ஆர்ட் ராஸ் விருது. 1981-லிருந்து 2001 வரை இருபத்தொரு சீசன்கள் அந்த விருதை வாங்கியவர்கள் மூன்றே பேர். கிரெட்ஸ்கி, மரியோ லெமியூ, யாகர். அவ்வளவுதான், நாலாவது பெயரே கிடையாது. யாகருடையது ஐந்து: 1995, பிறகு 1998 முதல் 2001 வரை வரிசையாக நான்கு.

இந்த நான்கும் எப்படிப்பட்ட காலத்தில் வந்தன என்பது முக்கியம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் என்எச்எல்லில் தடுப்பாட்டம் ஓங்கிவிட்டது. பிடித்து இழுப்பது, வழி மறிப்பது, நடுக்களத்தில் வலை விரித்த மாதிரி நிற்பது, எல்லாமே கண்டுகொள்ளாமல் விடப்பட்டன. எண்பதுகளில் கிரெட்ஸ்கி இருநூறு புள்ளி எடுத்த லீக்கில், 1997-98ல் யாகர் 102 புள்ளி எடுத்து முதலிடம் வந்தார். அடுத்த வருஷம் 127. இரண்டாவதாக வந்த டேமு செலானி 107. அதற்கடுத்த வருஷம் காயத்தால் 63 ஆட்டம்தான் ஆடினார், 96 புள்ளியோடு அப்போதும் அவரே முதல். எல்லோரும் இறுக்கிப் பிடிக்கிற காலத்தில் தனியாக இப்படி ஓடுவது, வெறும் எண்ணை வைத்து ஒப்பிட்டால் தெரியாது.

'இருந்திருந்தால்' கணக்கு

சரி, இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். யாகரின் என்எச்எல் பதிவில் நான்கு ஓட்டைகள் உண்டு. சம்பளத் தகராறில் லீக் கதவை மூடியதால் 1994-95லும் 2012-13லும் 48 ஆட்டம்தான் நடந்தது. 2004-05 சீசன் முழுசாகப் போயிற்று. 2008 முதல் 2011 வரை மூன்று சீசன்கள் ரஷ்யாவின் கேஎச்எல்லில் ஓம்ஸ்க் நகரத்தின் அவான்கார்ட் அணிக்கு ஆடினார்.

ஓட்டையை அடைக்க எளிய வழி: முன்னும் பின்னும் உள்ள சீசன்களின் சராசரியை எடுப்பது. ரஷ்யா போவதற்கு முந்தைய சீசனில் 71 புள்ளி, திரும்பி வந்த சீசனில் 54. சராசரியை மூன்றால் பெருக்கினால் சுமார் 188. 2004-05க்கு முன் 74, பின் 123. நடுவில் 98 என்று வைத்துக்கொள்ளலாம். பாதியாகச் சுருங்கிய இரண்டு சீசன்களிலும் அவர் ஆடிய வேகத்தை 82-ஐ எட்டத் தேவையான 34 ஆட்டங்களுக்கு நீட்டினால், முதலாவதில் சுமார் 50, இரண்டாவதில் சுமார் 26. எல்லாம் சேர்த்து 362. மொத்தம் 2283 வருகிறது.

கிரெட்ஸ்கியோடு அவருக்கு உள்ள இடைவெளி 936. இந்தக் கணக்கு அதில் பாதியைக்கூட அடைக்கவில்லை. அதாவது யாகர் எங்கேயும் போகாமல், லீக் ஒருநாளும் மூடாமல் இருந்திருந்தாலும் அவர் இரண்டாவதுதான். இப்போதும் இரண்டாவதுதான். 'வீணாகிப்போன' வருஷங்களால் புள்ளி வரிசையில் அவருக்கு ஒரு படிகூட இறங்கவில்லை.

கோல் கணக்கு வேறு மாதிரி. அதே முறையில் போட்டால் 140 கோலுக்குக் கொஞ்சம் மேல் சேர்ந்து, 909 பக்கம் வருகிறது. கிரெட்ஸ்கியின் 894-ஐ இது தாண்டுகிறது. 'பார்த்தீங்களா, சொன்னோம்ல' என்று ரசிகர்கள் குதிக்கலாம். ஆனால் ஒருவருக்குத் திறந்த கதவை எல்லோருக்கும் திறக்கணும் இல்லையா? கோர்டி ஹாவ் போட்டி லீக்கான டபிள்யூஎச்ஏவில் அடித்த 174 கோலைச் சேர்த்தால் அவருடைய 801, 975 ஆகிவிடும். கிரெட்ஸ்கி அதே லீக்கில் அடித்த 46-ஐச் சேர்த்தால் 940. அலெக்சாண்டர் ஒவெச்கின் 2025-ல் கிரெட்ஸ்கியின் 894-ஐத் தாண்டினார். 2004-05 சீசன் நடந்திருந்தால் அவர் ஒரு வருஷம் முன்னாலேயே என்எச்எல்லுக்கு வந்திருக்கக்கூடும். ஆக, எல்லோருடைய ஓட்டையையும் அடைத்தால் யாகர் மறுபடி பழைய இடத்துக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறார்.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். டேட்டாபேஸில் ஒரு கட்டம் காலியாக இருப்பதற்கும் அந்தக் கட்டத்தில் சுழியம் இருப்பதற்கும் வித்தியாசம் உண்டு என்பது எங்கள் தொழிலின் பால பாடம். காலி என்றால் 'இந்த அட்டவணை இதைப் பதிவு செய்யவில்லை' என்று அர்த்தம். சுழியம் என்றால் 'ஒன்றும் நடக்கவில்லை'. யாகரைப் பற்றிய விமர்சனத்தில் பெரும்பகுதி, காலியாக உள்ள கட்டத்தைச் சுழியமாகப் படிப்பதால் வருவது.

காலிக் கட்டங்களில் நடந்தது

1994-95ஐயும் 2012-13ஐயும் சுருக்கிய அந்தக் கதவடைப்புகளின்போது அவர் சொந்த ஊரான கிளாட்னோவில் ஆடினார். 2004-05ல் முதலில் கிளாட்னோ, பிறகு ஓம்ஸ்க். அந்த வருஷம் என்எச்எல் நடக்காததால் 2005 மே மாதம் வியன்னாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்புக்கு எல்லா நாடுகளும் முழு பலத்தோடு வந்தன. யாகர் விரல் உடைந்த கையோடு ஆடினார். செக் அணி இறுதியில் கனடாவை 3-0 என்று வென்றது. ஸ்டான்லி கோப்பை, ஒலிம்பிக் தங்கம், உலக சாம்பியன்ஷிப் மூன்றும் ஒருவர் கையில் சேர்வது அபூர்வம். யாகருக்கு அது முழுமையானது அட்டவணையில் 'காலி' என்று இருக்கும் அந்த வருஷத்தில்தான்.

2010-ல், ஓம்ஸ்க் காலத்தில், 38 வயதில் மறுபடி உலக சாம்பியன். ஜெர்மனியின் கொலோனில் நடந்த இறுதியில் எதிரே நின்றது ஒவெச்கின், மால்கின், தாட்சியுக், கொவால்சுக் எல்லாம் இருந்த ரஷ்ய அணி. ஸ்கோர் 2-1.

ஓம்ஸ்க் வருஷங்களில் இன்னொன்றும் நடந்தது, எந்தப் பட்டியலிலும் ஏறாதது. 2008 அக்டோபர் 13, செக்கோவ் நகரத்தில் ஆட்டம். அலெக்சி செரபனோவ் என்ற 19 வயதுப் பையன், யாகரோடு ஒரே வரிசையில் ஆடுபவன், பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதே மயங்கிச் சரிந்தான். அரங்கத்தில் நிற்க வேண்டிய ஆம்புலன்ஸ் அதற்குள் போய்விட்டிருந்தது. பையன் பிழைக்கவில்லை. முந்தைய வருஷம்தான் அவனை நியூயார்க் ரேஞ்சர்ஸ் தேர்வு செய்திருந்தது. அது யாகர் விட்டுவிட்டு வந்த அதே அணி. இதற்குப் பிறகும் யாகர் அந்த அணியில் மூன்று சீசன்களையும் முடித்தார். இதற்கு எத்தனை புள்ளி போடுவது?

68

அவர் சட்டையில் இருக்கும் எண் 68. பலர் இதை வெறும் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். 1968 ஆகஸ்டில் சோவியத் டாங்கிகள் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் நுழைந்து பிராக் வசந்தத்தை நசுக்கின. யாகரின் தாத்தா தன் நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டதை எதிர்த்து ஜெயிலுக்குப் போனவர், அவர் இறந்ததும் 1968-ல். பள்ளிக்கூடப் பையனாக யாகர் அமெரிக்க அதிபர் ரீகனின் படத்தைப் புத்தகத்துக்குள் வைத்திருந்தது, அந்த நாட்டில் அந்தக் காலத்தில் விளையாட்டு விஷயம் இல்லை.

அவருக்கு முன் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து அமெரிக்கா போய் ஆடிய பெரிய ஆட்டக்காரர்களில் பலர் தப்பி ஓடியவர்கள். 1980-ல் ஷ்டாஸ்ட்னி சகோதரர்கள், 1985-ல் பெட்ர் கிளீமா, 1989 ஜனவரியில் பெட்ர் நெட்வெட். ஓடினால் திரும்ப முடியாது. வீட்டில் இருப்பவர்கள் விலை கொடுப்பார்கள். 1989 நவம்பரில் ஆட்சி கவிழ்ந்தது. 1990 கோடையில் வான்கூவரில் நடந்த என்எச்எல் தேர்வுக்கு, ஓடிவராமல், அனுமதியோடு நேரில் வந்து உட்கார்ந்த முதல் செக்கோஸ்லோவாக்கிய ஆட்டக்காரர் யாகர். பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸ் அவரை ஐந்தாவதாக எடுத்தது. வயது 18.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அவருக்கு முந்தைய தலைமுறைக்கு 'திரும்பிப் போவது' என்ற வாய்ப்பே கிடையாது. அது இருந்த முதல் ஆள் இவர். அந்த வாய்ப்பை அவர் வாழ்நாள் முழுக்க உபயோகித்தார். அதைத்தான் 'வீண்' என்று அமெரிக்கப் பட்டியல் சொல்கிறது.

பக்கை விடாத ஆட்டம்

பிட்ஸ்பர்க்கில் முதல் சில மாதம் பையனுக்கு ஊர் ஏக்கம். ஆங்கிலம் தெரியாது. அணி நிர்வாகம் அந்த டிசம்பரில் யிர்ஷி ஹர்டினா என்ற அனுபவசாலி செக் ஆட்டக்காரரைக் கால்கரியிலிருந்து வரவழைத்தது. பேச ஒரு ஆள் கிடைத்ததும் நிலைமை மாறிப்போனது. 1991, 1992 இரண்டு வருஷமும் ஸ்டான்லி கோப்பை. 1992 இறுதியின் முதல் ஆட்டத்தில், சிகாகோவின் தடுப்பாட்டக்காரர்களை ஒவ்வொருவராக ஏமாற்றி வளைந்து போய் 4-4 என்று சமன் செய்த கோலை இன்றைக்கும் வீடியோவில் பார்க்கலாம். அப்போது அவருக்கு 20 வயது. அவருடைய முதல் பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றிப் போட்டால் 'மரியோ ஜூனியர்' வருகிறது என்று பிட்ஸ்பர்க் ரசிகர்கள் கண்டுபிடித்துக் கொண்டாடினார்கள். மரியோ லெமியூ அங்கே கடவுள்.

யாகரின் ஆட்டத்தில் வேகத்தை மட்டும் பார்க்கிறவர்கள் முக்கியமானதைத் தவறவிடுவார்கள். அவருடைய உண்மையான திறமை, பக்கைத் தன்னிடம் வைத்துக்கொள்வது. சுவரோரம் போவார், எதிராளிக்கு முதுகைக் காட்டுவார், கால்களை அகட்டி இடுப்பைத் தாழ்த்துவார், நீளமான ஸ்டிக்கை உடம்புக்கு அந்தப் பக்கம் நீட்டி வைப்பார். இரண்டு பேர் மேலே விழுந்து தள்ளினாலும் பக் வராது. அந்த இரண்டு பேரும் இவர் மேல் தொங்கிக்கொண்டிருக்கும்போது, அவர்கள் காவல் காக்க வேண்டிய ஆள் எங்கோ சும்மா நிற்பான் அல்லவா? அவனுக்குப் பக் போகும். 1155 அசிஸ்ட் பெரும்பாலும் இப்படி வந்தவை. சின்ன வயதிலிருந்து தினமும் ஆயிரம் முறை உட்கார்ந்து எழுந்தார் என்று அவர் கால் பலத்துக்குக் காரணம் சொல்வார்கள்.

இந்த மாதிரி ஆட்டத்துக்கு வயதாவது மெதுவாகத்தான். வேகத்தை நம்பியவர்கள் முப்பத்தைந்தில் ஓய்ந்துபோவார்கள். யாகர் 2015-16ல், 44 வயதைத் தொட்ட சீசனில், ஃபுளோரிடா பாந்தர்ஸ் அணியில் 66 புள்ளியோடு முதலிடம். அவரோடு ஒரே வரிசையில் ஆடிய ஹூபர்டோவும் பார்கோவும் அவர் இரண்டாவது ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியபோது பிறந்தே இருக்கவில்லை.

அதே சமயம், எல்லா வருஷமும் பொற்காலம் இல்லை. 2001-ல் பெங்குவின்ஸிடம் அவருக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. வாஷிங்டன் அவரை வாங்கி, ஏழு வருஷத்துக்கு 77 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது. அந்த லீக்கில் அதுவரை இல்லாத தொகை. அங்கே முழுதாக ஆடிய இரண்டு சீசன்களில் 79, 77. சாதாரண ஆட்டக்காரருக்கு நல்ல எண், அவருக்கு இறக்கம். மூன்றாவது சீசனின் நடுவில் நியூயார்க்குக்குத் தள்ளிவிட்டார்கள். இந்தப் பகுதியை ரஷ்யாவின் மேலோ, கதவடைப்பின் மேலோ போட முடியாது. அவருடைய வாழ்க்கையில் உண்மையாகவே வீணானது என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம். வேடிக்கை என்னவென்றால், 'வீண்' பேச்சில் இந்த வாஷிங்டன் வருஷங்கள் அதிகம் வருவதில்லை. ஏன்? அட்டவணையில் அந்தக் கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன.

கிளப்பைக் காப்பாற்றுவது

1998-ல் பெங்குவின்ஸ் திவால் மனு கொடுத்தது. 1999 ப்ளே-ஆஃபில் முதல் சுற்று எதிரணி நியூஜெர்சி, அவர்கள் பக்கத்தில் முதலிடம் பெற்ற அணி. யாகருக்குத் தொடை இடுக்கில் காயம், சில ஆட்டங்கள் ஆடவில்லை. தோற்றால் வெளியே என்ற ஆறாவது ஆட்டத்தில் நொண்டிக்கொண்டே வந்து, முடியப்போகும் நேரத்தில் சமன் செய்தார், பிறகு கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலும் அவரே. ஏழாவதையும் ஜெயித்து அடுத்த சுற்றுக்குப் போனதில், கூடுதல் ஆட்டங்களின் டிக்கெட் பணம் கிடைத்தது. அந்த வருஷமே லெமியூ கிளப்பை வாங்கி ஊரில் நிறுத்தினார். அந்த இரண்டு கோல்தான் பிட்ஸ்பர்க்கில் ஹாக்கியைக் காப்பாற்றியது என்று அங்கே இன்றும் சொல்பவர்கள் உண்டு.

2011-ல் யாகர் கிளாட்னோ கிளப்பின் பெரும்பான்மை உரிமையாளர் ஆனார். கிளாட்னோ பிராகுக்கு மேற்கே, ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில் உள்ள இரும்பு ஊர். நிலக்கரியும் போல்டி எஃகு ஆலையும்தான் அதன் வரலாறு. ஹாக்கி அணியே அந்த ஆலையின் பெயரில் இருந்தது. 1975-லிருந்து 1978 வரை வரிசையாக நான்கு வருஷமும், மறுபடி 1980-லும் செக்கோஸ்லோவாக்கிய சாம்பியன். பிளெக்கனெட்ஸ், வோராச்செக், கபெர்லே என்று என்எச்எல்லுக்கு ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். சோஷலிச அரசு போனதும் ஆலை சுருங்கியது. ஆலை சுருங்கினால் அதன் பெயரில் ஓடிய கிளப்புக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

2014-ல் கிளாட்னோ முதல் பிரிவிலிருந்து இறங்கியது. யாகர் அப்போதும் அமெரிக்காவில் ஆடிக்கொண்டிருந்தார். 2018 ஆரம்பத்தில் கால்கரியோடு என்எச்எல் வாழ்க்கை முடிந்து ஊருக்கு வந்தார். 2019 ஏப்ரலில் மேலே ஏறுவதற்கான ஆட்டங்களில் ஒன்றில், 47 வயதில், நாலு கோல் அடித்தார். கிளப் எக்ஸ்ட்ராலிகாவுக்கு ஏறியது. 2020-ல் மறுபடி இறங்கியது. 2021-ல் மறுபடி ஏறியது. 50 வயதைக் கடந்தும் உரிமையாளர் சட்டையை மாட்டிக்கொண்டு களம் இறங்கினார்.

இதன் பொருளாதாரம் எளிது. 68 ஆடினால் அரங்கம் நிறையும், எதிரணியின் ஊரிலும் நிறையும். விளம்பரதாரர் வருவார். 68 ஆடாவிட்டால்? தான் நிறுத்தினால் கிளப் ஆபத்தில் மாட்டும் என்று அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்.

இங்கேதான் என் விமர்சனம். இந்தக் கட்டத்தைப் பற்றி எழுதுபவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி 'மண்ணின் மைந்தன் திரும்பி வந்தான்' என்று கண்ணீர் விடும். இன்னொரு கட்சி 'கிழவருக்கு விட மனசில்லை, ஒரு இளைஞன் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறார்' என்று சலித்துக்கொள்ளும். இரண்டுமே அவர் மனசைப் பற்றிப் பேசுகின்றன. கிளப்பைப் பற்றிப் பேசவில்லை.

மென்பொருள் அணிகளில் 'பஸ் ஃபேக்டர்' என்று ஒரு கொடூரமான அளவுகோல் உண்டு. எத்தனை பேர் மேல் பஸ் ஏறினால் இந்தப் புராஜெக்ட் நின்றுபோகும்? விடை 'ஒன்று' என்றால், அந்த ஒருவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், புராஜெக்ட் ஆபத்தில் இருக்கிறது. சொல்லப்போனால் அவர் எவ்வளவு கெட்டிக்காரரோ அவ்வளவு ஆபத்து. ஏனென்றால் அவர் இருக்கும்வரை வேறு யாரையும் தயார் செய்ய வேண்டிய அவசரம் வராது. யாகர் உரிமையாளராகவும் ஆட்டக்காரராகவும் விளம்பரப் பலகையாகவும் ஒரே ஆளாக நின்ற வருஷங்களில் கிளாட்னோவின் பஸ் ஃபேக்டர் ஒன்று. அதுவும் ஐம்பது வயதான ஒரு முழங்கால்.

1999-ல் பிட்ஸ்பர்க்கில் அவர் கோல் அடித்துக் கொடுத்தார். வாங்கிக்கொள்ள லெமியூ இருந்தார். லெமியூ கிளப்பைத் தன் காலில் மட்டும் நிற்க வைக்கவில்லை. முதலீட்டாளர்களைச் சேர்த்தார், பிறகு புது அரங்கம் வந்தது, சிட்னி கிராஸ்பி வந்தார். கிளாட்னோவில் யாகரே அடிப்பவர், யாகரே வாங்குபவர். பக்கை முதுகால் மறைத்து வைத்துக்கொள்ளும் அந்த ஆட்டம் ஐஸ் மேல் அழகாக முடிந்தது, கடைசியில் யாருக்காவது பக் போனதால். ஊர்க் கிளப்பில் அந்தப் பாஸ் ரொம்ப காலம் வரவில்லை.

'அவர் பிடித்து வைக்காமல் இருந்திருந்தால் பாஸ் கொடுக்கப் பக்கே இருந்திருக்காதே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆலை ஊர்களின் கிளப்புகள் எத்தனையோ சத்தமில்லாமல் கீழே போய்க் காணாமல் போனதை ஐரோப்பா பார்த்திருக்கிறது. கிளாட்னோ போகவில்லை என்றால் அதற்கு இவர் உடம்பு ஒரு பெரிய காரணம். ஆகவே நான் அவரைக் குறை சொல்வது திரும்பி வந்ததற்காக இல்லை, நீண்டு நின்றதற்காகவும் இல்லை. ஒரு கிளப்பைக் காப்பாற்றுவது, காப்பாற்றுபவர் போன மறுநாள்தான் நிரூபணம் ஆகும் என்பதைத்தான் சொல்கிறேன்.

யார் கணக்கு வைப்பது

ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேம் டொராண்டோவில் இருக்கிறது. அதற்குள் போக, ஆட்டத்தை விட்டு மூன்று சீசன்கள் கழிந்திருக்க வேண்டும். கிளாட்னோவில் ஆடியதும் தொழில்முறை ஆட்டம் என்பதால் யாகருக்கு அந்தக் கடிகாரம் வருஷக்கணக்காக ஓடவே தொடங்கவில்லை. வரலாற்றின் இரண்டாவது பெரிய புள்ளிக்காரர் வெளியே நின்றார். சர்வதேசக் கூட்டமைப்பு அதற்காகக் காத்திருக்கவில்லை, 2024-ல் தன் கௌரவப் பட்டியலில் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே வருஷம் பிப்ரவரி 18-ல் பிட்ஸ்பர்க் அவருடைய 68-ஐ இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று அரங்கக் கூரையில் ஏற்றியது. 2001-க்குப் பிறகு எதிரணிச் சட்டையில் வந்த போதெல்லாம் அவரைக் கூச்சல் போட்டு வரவேற்ற ஊர் அது. 2011-ல் பிட்ஸ்பர்க்குக்குத் திரும்பாமல் பக்கத்துப் பகையாளி ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனபோது கோபம் இரட்டிப்பானது. அன்றைக்கு எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

செக் மக்களுக்கு அவருடைய உச்சம் எது என்று கேட்டால் பலரும் 1998 நகானோ ஒலிம்பிக்கைத்தான் சொல்வார்கள். அந்தத் தங்கத்தில் யாகரின் பங்கைப் பாருங்கள். அரையிறுதியில் கனடாவோடு ஷூட்-அவுட், இவர் அடித்தது கம்பத்தில் பட்டுப் போனது. கோல் அடித்தது ராபர்ட் ரைக்கெல். எல்லாவற்றையும் தடுத்தது கோல்கீப்பர் டொமினிக் ஹாஷெக். இறுதியில் ரஷ்யாவை வென்ற ஒரே கோல் பெட்ர் ஸ்வோபோடாவுடையது. அந்த அணியில் யாகர் பெரிய பெயர், ஆனால் தேவையான தருணங்களில் வேறு வேறு ஆட்கள் இருந்தார்கள். அதனால்தான் தங்கம் வந்தது.

1921 என்ற எண்ணை நான் மதிக்கிறேன். அதைக் கொண்டு அவரை அளப்பவர்கள் ஓம்ஸ்க்கையும் கிளாட்னோவையும் கழித்துவிட்டு அளக்கிறார்கள் என்பதுதான் என் புகார். அந்த இரண்டையும் சேர்த்து அளந்தால் கிடைப்பது, முன்னோருக்கு இல்லாத 'திரும்பிப் போகும்' உரிமையை முழுசாக அனுபவித்த ஒரு ஆள். கையில் வந்ததை விடாமல் பிடிக்கத் தெரிந்த ஆள். பிடித்ததை எப்போது, யாரிடம் கொடுப்பது என்பதுதான் அவர் ஆட்டத்தின் பாதி. ஐஸ் மேல் அதை 1155 தடவை சரியாகச் செய்தார். கிளாட்னோவில் அது சரியாக நடந்ததா என்பதை, 68 இல்லாமல் அந்த அணி ஆடும் சீசன்களின் புள்ளிப் பட்டியல் சொல்லும்.